கை நழுவியது நோபல் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இ.சி.ஜி. சுதர்சன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒரு கோட்பாட்டு இயற்பியலாளருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. நம் பத்திரிகைகளில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஆனால் தலைப்பில் ‘பறிக்கப்பட்ட நோபல்’ என்று ஆரம்பித்து, கடைசி வரியிலும் அதையே சொல்லி முடித்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு பிழை. சில துகள்கள் சிதைவதற்குக் காரணமான விசையை விளக்குவது வி மைனஸ் ஏ கோட்பாடு. சுதர்சன் முதலில் கண்ட அந்தக் கோட்பாட்டுக்கான நோபலை அமெரிக்க இயற்பியலாளர்கள் ஃபைன்மனும் கெல்-மானும் தட்டிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்பாட்டுக்கு நோபல் யாருக்குமே கிடைக்கவில்லை. ஃபைன்மன் 1965-ல் வாங்கியது குவாண்டம் மின்னியக்கவியலுக்கு. கெல்-மான் 1969-ல் வாங்கியது அடிப்படைத் துகள்களை வகைப்படுத்தியதற்கு. இல்லாத பரிசை எப்படிப் பறிப்பது? சுதர்சன் இழந்தது பரிசு அல்ல, பெயர். வெகுகாலம் பாடப்புத்தகங்களில் அந்தக் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் முதலில் நின்றது மற்ற இருவரின் பெயர்கள்தான்.

அது எப்படி நடந்தது என்பதைத்தான் கட்டுரை இரண்டே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இடம்தான்.

கோட்டயத்துக்குப் பக்கத்தில் பள்ளம் என்ற ஊரில் 1931-ல் பிறந்தவர் சுதர்சன். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையம் என்று படித்து வந்து, 1955-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட் மார்ஷக்கிடம் பிஎச்டி செய்யப் போனார். சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்றே சொல்ல வேண்டும். 1956-ல் லீ, யாங் என்ற இரு இயற்பியலாளர்கள், துகள் சிதைவுகளுக்குக் காரணமான வலிமை குறைந்த அணுக்கரு விசையில் இடது வலது சமச்சீர் இல்லாமல் போகலாம் என்றார்கள். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே வூ அம்மையார் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் சோதனை செய்து அதை உறுதி செய்துவிட்டார். அதுவரை நம்பியிருந்த அஸ்திவாரமே ஆடிப்போயிற்று.

அப்போதிருந்த சிக்கல் இது. அணுக்கருவில் இருக்கும் நியூட்ரான் சிதைகிறது, குறுகிய ஆயுள் கொண்ட மியூவான், பையான் என்ற துகள்களும் சிதைகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விசையா? அந்த விசைக்கு ஐந்து வடிவங்கள் சாத்தியம். ஒரு சோதனை ஒரு வடிவத்தைக் காட்டியது, இன்னொன்று வேறொன்றைக் காட்டியது. குறிப்பாக ஹீலியம்-6 என்ற அணுக்கருவின் சிதைவை அளந்த சோதனை டென்சர் என்ற வடிவத்தை ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லாம் அதை நம்பினார்கள்.

இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் அத்தனை சோதனை முடிவுகளையும் உட்கார்ந்து அலசினார். எல்லாவற்றுக்கும் ஒரே விசைதான் என்றால் ஒரே ஒரு வடிவம்தான் ஒத்துவரும், அது அந்த ஐந்தில் வெக்டர் என்ற வடிவத்திலிருந்து ஆக்ஸியல் வெக்டர் என்ற வடிவத்தைக் கழித்தால் வருவது என்று முடிவு கட்டினார். வி மைனஸ் ஏ என்றால் அதுதான். அதோடு நிற்கவில்லை. இது சரியென்றால் நான்கு சோதனைகள் தப்பாக இருந்தாக வேண்டும், அவற்றைத் திரும்பச் செய்யுங்கள் என்று அவரும் மார்ஷக்கும் எழுதினார்கள். அந்த நான்கு: ஹீலியம்-6 சோதனை, மியூவான் சிதைவில் வரும் எலக்ட்ரானின் முனைவாக்கம் (அதன் தற்சுழற்சி எந்தத் திசையில் இருக்கிறது என்பது), பையான் நேராக எலக்ட்ரானாகச் சிதையும் வீதம், முனைவாக்கிய நியூட்ரான் சிதைவின் சமச்சீரின்மை. நம் ஊரில் ஒரு மாணவன் வைவாவில் எழுந்து ‘புத்தகத்தில் இருக்கும் நாலு அளவீடு தப்பு சார்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் நான்குமே தப்பு என்றுதான் ஆயிற்று. பையான் எலக்ட்ரானாகச் சிதைவதை 1958-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் கண்டுபிடித்தது. அந்த ஆய்வகத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த முதல் பெரிய முடிவு அது.

இனி வருத்தமான பகுதி. 1957 ஏப்ரலில், அவர் படித்துக்கொண்டிருந்த ரோசெஸ்டரிலேயே, துகள் இயற்பியலின் பெரிய மாநாடு கூடியது. மாணவர் என்பதால் சுதர்சனுக்கு மேடை இல்லை. மார்ஷக் வேறு பொருளில் பேசினார். இந்த முடிவை வேறொருவர் மூலம் சபையில் சொல்லவைக்கலாம் என்ற யோசனையும் நடக்கவில்லை. ஜூலையில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு மதிய உணவு. அங்கே கெல்-மானிடமும் சோதனைக்காரர்கள் சிலரிடமும் சுதர்சன் தன் கணக்கை விளக்கினார். செப்டம்பரில் இத்தாலியில் பதுவா-வெனிஸ் மாநாட்டில் மார்ஷக் கட்டுரையை வாசித்தார். அதன் தொகுப்பு அடுத்த வருடம்தான் அச்சானது, அதுவும் அதிகம் பேர் கையில் கிடைக்காத தொகுப்பு. அதே செப்டம்பரில் ஃபைன்மனும் கெல்-மானும் தங்கள் கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ என்ற இயற்பியல் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்கள். 1958 ஜனவரி 1 இதழில் அது வந்தது. நன்றி சொல்லும் பகுதியில் மார்ஷக், சுதர்சன் பெயர்கள் இருக்கின்றன. சுதர்சன்-மார்ஷக் குறிப்பு அதே பத்திரிகையின் மார்ச் 1 இதழில்தான் வந்தது.

ஆக, சதி என்று ஒன்றும் இல்லை. மாநாட்டில் வாசித்தால் போதும், பத்திரிகைக்கு அவசரமில்லை என்று கைடு நினைத்தார். தப்பு செய்துவிட்டேன் என்று மார்ஷக்கே பிற்காலத்தில் எழுதினார். அவரை நான் வில்லனாக்க மாட்டேன். கட்டுரையில் மாணவரின் பெயரைத்தான் முதலில் போட்டார், கடைசி வரைக்கும் இது சுதர்சனின் வேலை என்றே சொல்லிவந்தார். முதலில் கண்டவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும்தான் என்று ஃபைன்மனும் 1963-ல் பொதுவில் ஒப்புக்கொண்டார். நம்மில் எத்தனை கைடுகள் மார்ஷக் அளவுக்காவது நடந்துகொள்வார்கள்?

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சொந்தக் காரணமும் உண்டு. எண்பதுகளில் நானும் ஆய்வு மாணவன். எந்தப் பல்கலைக்கழகம், யார் கைடு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். என் முதல் கட்டுரையை அவர் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பதினோரு மாதம் கழித்து அதே முடிவு வேறொரு நாட்டுக்காரர் பெயரில் அச்சாகி வந்தது. கைடு அதைப் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, நம்ம கணக்கு சரின்னு தெரியுதுல்ல’ என்றார். என்னுடையது சின்ன விஷயம்தான், சுதர்சனோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இழுப்பறை எனக்குத் தெரியும். அதனால்தான் 1957-ன் அந்த ஐந்தாறு மாதங்கள் உங்கள் கட்டுரையில் இரண்டு வரியாகச் சுருங்கியது உறுத்தியது.

2005-ல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபருக்கு நோபல் கிடைத்து, சுதர்சனுக்குக் கிடைக்காத விஷயத்தில் உங்கள் ஆதங்கம் வேறு வகை, அது நியாயம்தான். லேசர் ஒளியையும் சாதாரண விளக்கொளியையும் குவாண்டம் முறையில் ஒரே சட்டகத்தில் எழுதிக்காட்டும் வழியை 1963-ல் சுதர்சன் வெளியிட்டார். கிளாபரும் அதே வருடம் அதே துறையில் முக்கியமான கட்டுரைகள் எழுதியவர்தான், அவர் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இன்றும் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் அந்த முறையைக் குறிப்பிடுகிறோம். பரிசில் மட்டும் ஒரு பெயர் விடுபட்டது. சுதர்சன் நோபல் குழுவுக்கே கடிதம் எழுதினார். அதனால் ஒன்றும் மாறவில்லை.

சின்னத் திருத்தம் ஒன்று. ஒளியைவிட வேகமாகப் போகும் துகள்கள் பற்றி சுதர்சன் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் எழுதியது 1962-ல். அந்தத் துகள்களுக்கு ‘டாக்கியான்’ என்ற பெயர் அவர் வைத்ததல்ல, 1967-ல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் வைத்தது.

பைத்யநாத் மிஸ்ராவுடன் 1977-ல் எழுதிய குவாண்டம் சீனோ விளைவை நீங்கள் சொல்லவே இல்லை. சிதைய வேண்டிய ஒரு குவாண்டம் அமைப்பை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது சிதையாமல் நின்றுவிடும் என்பது அது. அடுப்படியில் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் பொங்காது, சற்றே திரும்பினால் பொங்கி வழிந்துவிடும் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள். 1990-ல் பெரிலியம் அயனிகளை வைத்து இந்த விளைவைச் சோதனையில் காட்டினார்கள்.

அப்புறம், சென்னை. 1984 முதல் 1991 வரை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். டெக்சாஸ் பல்கலைக்கழக வேலையையும் விடாமல், ஆஸ்டினுக்கும் தரமணிக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தார். தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டது எப்படி என்று புரியவில்லை. அந்த வருடங்களில் நான் அங்கே நூலகத்துக்குப் போவதுண்டு. அவரை ஒரே ஒரு தடவை வராந்தாவில் தூரத்திலிருந்து பார்த்தேன். போய்ப் பேசத் தைரியம் வரவில்லை. நேராக உள்ளே போய் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வின் 109-வது தொகுதியைத் தேடி எடுத்து, அந்த மார்ச் 1 குறிப்பை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். இடமிருந்தால் அந்த நான்கு சோதனைகளையும் பற்றி ஒரு பெட்டிச் செய்தியும் போடலாம். குறிப்பின் படம் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். என் ஜெராக்ஸ் ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது, ஆனால் எழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை