ஜூன் 30 வரை காத்திருக்கக் கூடாத ஒப்பந்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சியின் வரவுசெலவு வரைவு மக்கள் கருத்துக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் பேச்செல்லாம் தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம், வீட்டுவரி என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த வரைவில், நகராட்சியின் சொந்தக் காவல் படையான டர்பன் மெட்ரோ போலீஸின் செலவுப் பக்கத்தில் 'ஒப்பந்தச் சேவைகள்', 'பழுதும் பராமரிப்பும்' என்று இரண்டு வரிகள் வரும். அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரேடியோ பேசுமா, கேமரா படம் பிடிக்குமா, மூச்சுச் சோதனைக் கருவியின் அளவு நீதிமன்றத்தில் நிற்குமா, ரோந்து வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புமா என்பதெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. தேதி நெருங்கிவிட்டது என்பதற்காக ஓர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது. சென்ற ஆண்டு என்ன வேலை நடந்தது என்ற கணக்கு மேசைக்கு வந்த பிறகே கையெழுத்து விழ வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

யார் ஒப்புதல் தருகிறார் என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. அமெரிக்கக் கவுண்டிகளில் ஷெரிப் துறையின் ஆண்டு ஒப்பந்தங்களை, மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் பொதுக்கூட்டத்தில் வாக்களித்து ஏற்பது வழக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் முறை வேறு. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 117ஆம் பிரிவில், கவுன்சிலர் எவரும் டெண்டர் குழுக்களில் உறுப்பினராக இருக்கக் கூடாது, பார்வையாளராகக்கூட உட்காரக் கூடாது என்கிறது. தேவைகளை எழுதும் குழு, மதிப்பிடும் குழு, தீர்மானிக்கும் குழு மூன்றும் அதிகாரிகளுடையவை. 10 மில்லியன் ரேண்டுக்கு மேற்பட்டதை நகராட்சி மேலாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே, ஏன் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள் என்று வார்டு கவுன்சிலரைப் பிடித்துக் கேட்டுப் பயனில்லை. அவர் கையில் உள்ளவை வேறு: காலாண்டுக் கொள்முதல் அறிக்கை, ஒப்பந்த மாற்றங்களுக்கான 116(3) அறிக்கை, டெண்டர் இல்லாமல் வாங்கியவற்றைக் காட்டும் விதிவிலக்குப் பட்டியல். இவை கவுன்சிலுக்கு வரும்போது அவர் வாயைத் திறந்தாரா என்று கேளுங்கள்.

விதிவிலக்குப் பட்டியல்தான் நோய் வெளியே தெரியும் இடம். நகராட்சியின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ரேடியோ ஒப்பந்தமும் அன்றே முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய டெண்டர் தயாராக இல்லை. சேவையை நிறுத்த முடியாது, அதனால் பழைய கம்பெனிக்கே மாதம் மாதமாக நீட்டிப்பு. கொள்முதல் விதிகளின் 36ஆம் விதி அவசரநிலையில் டெண்டர் இல்லாமல் வாங்க இடம் தருகிறது. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் போன்ற ஒன்று அடித்துக்கொண்டு போனால் அது அவசரம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஒரு தேதி வந்து சேர்வது அவசரம் ஆகாது. திட்டமிடாமல் விட்டதை அவசரம் என்று எழுதினால், தணிக்கையில் அது முறைகேடான செலவாக நிற்கும். அதைவிட மோசம், மாத நீட்டிப்பில் பழைய விலை, பழைய நிபந்தனை, பழைய ஓட்டைகள் எல்லாம் அப்படியே தொடரும். தான் போனால் ரேடியோ நின்றுவிடும் என்று தெரிந்த கம்பெனியிடம் பேரம் பேச நகராட்சிக்கு வாய் ஏது?

காலக்கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் புரியும். 10 மில்லியன் ரேண்டைத் தாண்டினாலோ, நீண்டகாலத் தன்மை உடையதாக இருந்தாலோ, டெண்டர் விளம்பரம் குறைந்தது 30 நாள் நிற்க வேண்டும். மற்றவற்றுக்கு 14 நாள். தோற்றவர்கள் ஆட்சேபிக்க 14 நாள் இருக்கிறது. நகராட்சி அமைப்புச் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டுக்கு 21 நாள். பழைய கம்பெனியிடமிருந்து புதிய கம்பெனிக்குக் கைமாற இரண்டு மாதமாவது விட வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. எனவே செப்டம்பருக்குள் பயன்பாட்டுக் கணக்கு, அக்டோபரில் தேவை விவரம், நவம்பர் தொடக்கத்தில் விளம்பரம், ஜனவரி பிப்ரவரியில் மதிப்பீடு, மார்ச்சில் தீர்மானம் என்று போனால்தான் ஜூலை 1 அன்று புதியவர் வேலையைத் தொடங்க முடியும். மார்ச்சில் தேவை விவரம் எழுத உட்காருகிற துறைக்கு மாத நீட்டிப்பைத் தவிர வேறு வழியே கிடையாது.

'ஆண்டு ஒப்பந்தம்' என்ற பெயரில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் விதி எழுதப்பட்டிருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டம் காட்டும் மூன்று ஆண்டுகளைத் தாண்டி நகராட்சியைக் கட்டுப்படுத்தும் எந்த ஒப்பந்தமும் நிதி மேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் கீழ் வரும். கவுன்சில் கூட்டத்துக்குக் குறைந்தது 60 நாள் முன்பே வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை தானே புதுப்பித்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டுக்குள் நுழையும் ஒப்பந்தம், பெயருக்குத்தான் ஆண்டு ஒப்பந்தம்.

இனி விலை. மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு மலிவானவரைத் தேர்வது, பராமரிப்பு டெண்டர்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். முதல் கம்பெனி மாதம் 20,000 ரேண்ட், ஒவ்வொரு அழைப்புக்கும் 900 ரேண்ட் கேட்கிறது. இரண்டாவது, மாதம் 12,000 ரேண்ட், அழைப்புக்கு 2,400. டெண்டர் படிவத்தில் துறை 'மாதம் ஐந்து அழைப்பு' என்று போட்டிருந்தால் முதலாவதற்கு 24,500, இரண்டாவதற்கு 24,000. இரண்டாவது ஜெயிக்கும். உண்மையில் மாதம் 15 அழைப்பு வந்தால் முதலாவது 33,500, இரண்டாவது 48,000. மாதம் 14,500 ரேண்ட், ஆண்டுக்கு 1,74,000 ரேண்ட் வீண். இதில் யாரும் திருடவில்லை. படிவத்தில் போட்ட எண்ணிக்கை தவறு, அவ்வளவுதான். சென்ற 12 மாத வேலைச் சீட்டுகளை எண்ணி, அந்த எண்ணைப் படிவத்தில் போட்டால் இது நடக்காது. உதிரிபாகத்தின் மேல் சேர்க்கும் சதவீதம், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூலி, பயணக் கிலோமீட்டர் ஆகியவற்றையும் அதே போல் எண்ணிக்கையோடு பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும்.

நடுவில் ஒப்பந்தத்தை விரிப்பதற்கும் எல்லை இருக்கிறது. தேசியக் கருவூலத்தின் 62ஆம் சுற்றறிக்கைப்படி, கட்டுமானம் அல்லாத பொருள் சேவைகளுக்கு மூல மதிப்பில் 15 சதவீதம்தான். 2.4 மில்லியன் ரேண்ட் ஒப்பந்தம் என்றால் 3,60,000 ரேண்ட் வரைதான். அதற்கு மேல் போனால் காரணத்தோடு கவுன்சிலுக்கு வர வேண்டும், ஊர்மக்களுக்கும் அறிவிப்புத் தர வேண்டும்.

சேவையின் தரத்தை அளக்கும் விதத்தில்தான் பெரிய ஓட்டைகள். 'ரேடியோ அமைப்பு 99 சதவீத நேரம் இயங்கும்' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87 மணிக்கும் மேல், அதாவது மூன்றரை நாளுக்கு மேல். ஈஸ்டர் நேரத்தில், N2 நெடுஞ்சாலை நிரம்பி, இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் நெரியும் நாட்களில் ரேடியோ மூன்று நாள் செத்துக் கிடந்தாலும் அந்தக் கம்பெனி நிபந்தனையை நிறைவேற்றியதாகவே ஆகும். மாதக் கணக்கில் அளந்தால் அனுமதி 7 மணி 12 நிமிடமாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனியாக, மாதம் தோறும் அளக்க வேண்டும். குறைந்தால் அந்த மாத பில்லிலேயே கழிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பேசிக்கொள்ளலாம் என்றால் யாரும் பேசமாட்டார்கள்.

கேமராவிலும் இதே கதை. நூறு கேமராவில் சராசரி 95 என்றால், அதே ஐந்து கேமராக்கள் ஆண்டு முழுதும் இருட்டாகக் கிடக்கலாம். உங்கள் தெருமுனை அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். 'இயங்குகிறது' என்பதற்கும் பொருள் எழுத வேண்டும்: மின்சாரம் இருப்பது போதாது, இரவில் வண்டி எண் படிக்கும்படி படம் பதிவாகியிருக்க வேண்டும். கடற்கரைக் கேமராக்களின் கண்ணாடியில் உப்பு படியும், திருகுகள் துருப்பிடிக்கும். அங்கே மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும், உள்பகுதியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். எல்லா இடத்துக்கும் ஒரே அட்டவணை போட்டால் ஓரிடத்தில் பணம் வீண், மற்ற இடத்தில் படம் வீண். கேமராவை மறைக்கும் மரக்கிளையை வெட்டுவது பூங்காத் துறை வேலை. அதை யார், எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கிளை வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மின்வெட்டை 'எதிர்பாராத தடை' என்ற பட்டியலில் சேர்த்து, கம்பெனியின் பொறுப்பைத் தள்ளிவிடும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது. நேர அட்டவணை போட்டு வருகிற மின்வெட்டு எப்படி எதிர்பாராததாகும்? கோபுரத்தில் உள்ள மாற்று பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்று எழுத வேண்டும். நாலு மணி நேர வெட்டுக்கு இரண்டு மணி நேர பேட்டரி உதவாது. பேட்டரிச் சோதனை என்ற பெயரில் மீட்டரை வைத்து 12.7 வோல்ட் காட்டுகிறது என்று எழுதிவிட்டு வருவது சோதனையே அல்ல. சுமை இல்லாதபோது முதிர்ந்த பேட்டரியும் அந்த அளவைக் காட்டும். சுமையை ஏற்றியதும் சில நிமிடங்களில் சரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உண்மையான சுமையில் இறக்கிப் பார்த்து, எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஈய அமில பேட்டரி முழுதாக இறங்கி, மறுபடி நிரம்புமுன் அடுத்த வெட்டு வந்தால் சீக்கிரம் சாகும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. எனவே மாற்று பேட்டரியின் விலையை முதலிலேயே விலைப்பட்டியலில் வாங்கி வைக்க வேண்டும்.

மூச்சுச் சோதனைக் கருவிக்கு வருவோம். சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாதாரண ஓட்டுநருக்கு 1,000 மில்லிலிட்டர் மூச்சில் 0.24 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. தொழில்முறை ஓட்டுநருக்கு 0.10. 2011இல் மேற்கு கேப் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கருவி காட்டிய அளவை ஏற்க மறுத்ததை ஓட்டுநர்களின் வழக்கறிஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் முதலில் கேட்பது அளவுத்திருத்தச் சான்றிதழைத்தான். அதில் இருக்கும் வரிசை எண் கருவியின் அடியில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும், சோதனை நடந்த நாள் சான்று செல்லும் காலத்துக்குள் இருக்க வேண்டும், ஆய்வகம் சனாஸ் என்னும் தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் அனுப்பினால் எல்லாச் சான்றும் ஒரே நாளில் காலாவதியாகும். அந்த நாள் டிசம்பரில் விழுந்தால், விடுமுறைக் காலச் சாலைச் சோதனைக்குக் கருவியே இருக்காது. பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்புவதும், போன கருவிக்கு மாற்றுக் கருவி தருவதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

ரோந்து வண்டிகளுக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து சர்வீஸ் செய்வது தவறு. விபத்து நடந்த இடத்தில் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் ஓடாது, எண்ணெய் மட்டும் கெடும். ஒரு மணி நேரம் நின்றபடி எஞ்சின் ஓடுவதை 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், வெளியில் உள்ள கராஜில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று இனி சொல்ல முடியாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் நம்மவர் நடத்தும் கராஜ்கள் இந்த வேலைக்கு வர வேண்டும். மத்திய வழங்குநர் பதிவு, தன்னலத் தொடர்புகளை அறிவிக்கும் எம்.பி.டி. 4 படிவம் இரண்டும் சரியாக இருக்கட்டும். நகராட்சிக் கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் டெண்டரையே தள்ளிவிடலாம் என்பது 38ஆம் விதி. நகராட்சியும் தன் பங்குக்கு 30 நாளில் பணம் தர வேண்டும் என்பது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. தொண்ணூறு நாள் காத்திருக்கச் சிறு கராஜால் முடியாது, அதைத் தாங்கும் பெரிய கம்பெனி மட்டுமே மிஞ்சும், விலையும் ஏறும்.

ஒப்பந்தம் முடியும்போது எதையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. ரேடியோக்களின் அலைவரிசை அமைப்புக் கோப்பு, மறைகுறி, கேமரா சர்வரின் கடவுச்சொல், கேபிள் போன வழியின் வரைபடம், பழுது வரலாறு எல்லாம் நகராட்சியின் சொத்து. இவை பழைய கம்பெனியின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் புதிய டெண்டர் எத்தனை ஒழுங்காக நடந்தாலும் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இவற்றின் நகல் வந்து சேர வேண்டும், கடைசி பில் அதைச் சரிபார்த்த பிறகே தீர வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் வேலையை மாதம் தோறும் கண்காணிக்க வேண்டும் என்று 116ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதத் தாள்களைப் புதுப்பிப்புக் கோப்போடு சேர்க்கச் சொல்லி, வரவுசெலவு வரைவு பற்றிய உங்கள் எழுத்துக் கருத்தில் கேளுங்கள். கவுன்சில் மே கடைசிக்குள் வரவுசெலவை ஏற்றுவிடும், ஆகவே கருத்து அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்கள் நகராட்சி இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது 75ஆம் பிரிவு. அங்கே இல்லையென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தில் மனுக் கொடுக்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. நீட்டிப்புத் தாள் கையெழுத்தாகும் முன் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால், மனுவை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.