சாமந்தித் தொட்டியை வாங்கி வைத்துக்கொண்ட வீட்டுக்கு

அன்புள்ள தோழிக்கு, அப்படியே உன் அம்மா, அப்பாவுக்கு, முக்கியமாகப் பாட்டிக்கு,

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் நன்றி எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் மெயில் மாதிரியே வருகிறது, அதனால் தமிழிலேயே எழுதிவிட்டேன். என் பாஷை காதில் எப்படி விழும் என்று பாட்டி கேட்டாரே, போனில் நானே வாசிக்கிறேன், நீ போலிஷில் சொல்லிவிடு.

முதலில் அந்தப் பூ விஷயம். அக்டோபர் கடைசியில் போலந்தில், உங்கள் கிராக்கோவில் வந்து இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று மஞ்சளில் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி உன் அம்மா கையில் கொடுத்தேன், அவர் முகம் ஒரு நொடி மாறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாளில் கல்லறையில் வைக்கிற பூ அது என்று எனக்கு எங்கே தெரியும்? எங்கள் ஊரில் சாமந்தி கல்யாணத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தொட்டியை வாங்கிப் பால்கனியில் வைத்துவிட்டு, என் ஷூவைக் கழற்றச் சொல்லி, விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டார்.

அப்புறம் அந்தச் சமையலறை. நான் சைவம் என்பதற்காக, பியரோகி என்கிற உங்கள் ஊர்க் கொழுக்கட்டைக்கு உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் இல்லாமல் வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் மட்டும் போட்டுக் கொடுத்தார். சோமாசி மடித்த கைதானே என்று நானும் ஓரம் கிள்ளினேன், மூன்று தண்ணீரிலேயே வாயைப் பிளந்துவிட்டன, அதையும் எனக்கே போட்டார்கள், சரிதான். மதியம் 12 மணிக்கு ரேடியோவில் ஒரு ஊதுகொம்பு, பாதியில் அறுந்த மாதிரி நின்றது, ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். புனித மரியாள் ஆலயக் கோபுரத்தில் மணிக்கொரு முறை தீயணைப்பு வீரர்கள் நாலு திசைக்கும் ஊதுவது அது என்றும், படையெடுத்து வந்த தாத்தார்களைப் பார்த்து ஊரை எச்சரித்தவன் தொண்டையில் அம்பு பாய்ந்த இடத்தில் நிறுத்துவதாகக் கதை என்றும் உன் அப்பா சொன்னார். "கதைதான்" என்று அவரே சிரித்தும் கொண்டார்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. 1257இல் அளந்து போட்ட சதுக்கத்தில் தொடங்கி வாவெல் கோட்டை வரை, கால் வலிக்கிறது என்று நான் சொல்லியும் விடவில்லை. வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் 101 மீட்டர் ஆழத்தில் ஒரு தேவாலயம், சரவிளக்கின் மணிகள்கூட உப்புப் படிகம். சுவரை நக்கிப் பார்த்தேன், உப்புதான்.

டிராமில் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, அதைப் பிடுங்காத குறையாக வாங்கி மெஷினில் முத்திரை குத்திக் கொடுத்த அம்மா யாரோ தெரியாது. அபராதத்திலிருந்து காப்பாற்றினார், அவருக்கும் சேர்த்தே இது.

கடைசி நாள் நீங்கள் என்னையும் ரகோவிட்ஸ்கி கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, குடும்பத்தோடு போகிற இடம் அல்லவா? 1803இலிருந்து இருக்கும் கல்லறைத்தோட்டம், நோபல் வாங்கிய கவிஞர் சிம்போர்ஸ்காவும் அங்கேதான் இருக்கிறார். அன்றைக்கென்றே கூடுதல் டிராம், வாசலிலிருந்து மெழுகு வாசனை, இருட்டின பிறகு சிவப்பும் வெள்ளையுமாகக் கண்ணாடிக் குடுவை விளக்குகள் கண்ணுக்கு எட்டின தூரம் வரை, அத்தனை கூட்டத்திலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பாட்டி தாத்தாவின் கல்லறையைத் துடைத்து, உதிர்ந்த இலையைக் கையால் பொறுக்கிவிட்டு, என் சாமந்தித் தொட்டியை நடுவில் வைத்து, இரண்டு முறை திருப்பி நல்ல பக்கம் முன்னால் வரும்படி செய்தார். தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். அப்புறம் கல்லைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், "இது இந்தியாவிலிருந்து வந்திருக்கு" என்று தாத்தாவிடம் சொன்னதாக நீ காதில் சொன்னாய்.

அதை நான் ரயில் நிலையத்துக்கு வெளியே வாங்கினேன் என்று நீ அப்போது திருத்தவில்லை பார், அதற்கும் நன்றி.