வாவிப் பூதத்துக்கு எடை வேணும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைச்சது. உன்ர பொடியள் எடுக்கப்போற குறும்படத்தில வாவிக்குள்ளால ஒரு பூதம் எழும்பி வருமெண்டு எழுதியிருந்தாய். காசில்லையெண்டு யோசிக்காத. 1953ல வந்த 'ரொபோட் மொன்ஸ்டர்' படத்தில பூதமெண்டால் ஒரு கொரில்லா உடுப்பு, தலைக்கு சுழியோடிக் கவசம். அவ்வளவுதான். சிரிப்பு வரும், ஆனா எழுபது வருசமா ஆக்கள் பாக்கினம்.

பயம் வராமல் போறது பெரும்பாலும் உடுப்பால இல்ல, நடையால. மனிசன் மனிசன்ர வேகத்தில நடந்தால் பூதம் பொம்மையாப் போயிரும். 1954ல 'கொட்சிலா' எடுத்த ஜப்பான்காரர் கமராவை வேகமா ஓட்டி, மறுகா சாதாரண வேகத்தில காட்டினவங்கள்; அப்ப அசைவு மெதுவாகி, பூதம் பாரமாத் தெரியும். கணக்கு லேசு: பூதம் ஆளை விட எத்தனை மடங்கு பெரிசோ, அதின்ர வர்க்கமூலத்தால 24ஐப் பெருக்கு (சாதாரணப் படத்தில செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 படம்). ஆறடி ஆளை 24 அடிப் பூதமாக் காட்டுறதெண்டால் நாலு மடங்கு; வர்க்கமூலம் 2; செக்கனுக்கு 48 பிரேம். போனில 60 வைச்சாலும் பரவாயில்ல. 25 மடங்கெண்டால் 120 வேணும்.

இரவில எடுக்கேக்க இதில ஒரு சிக்கல் இருக்கு. நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், லைற் செக்கனுக்கு நூறு தரம் மினுங்கும். 60ல எடுக்கிறதெண்டால் ஷட்டரை 1/100ல வை, மினுக்கம் தெரியாது. 120ல ஷட்டர் 1/120 செக்கனை விடக் கூட நேரம் திறந்திருக்க ஏலாது, அதால படம் துடிக்கும். அதுக்குப் பகல் வெளிச்சம், இல்லாட்டி பற்றரி ரோர்ச்.

தோலுக்கு ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டி, மேல ரப்பர் பால் பூசு. தடிப்பா ஒருதரம் பூசினால் மேல காய்ஞ்சு உள்ள பச்சையாக் கிடக்கும், அதுதான் எல்லாரும் விடுற பிழை. மெல்லிசா ஐந்தாறு தரம், ஒவ்வொண்டும் காய்ஞ்ச பிறகு அடுத்தது. இஞ்ச இப்ப கச்சான் காத்து அடிக்குது, கெதியாக் காயும். மாரிக்குத் தள்ளிப்போட்டியோ, நாட்கணக்காகும். நிறத்தை ரப்பர் பாலோட கலந்து பூசு, தனிப் பெயின்ற் முழங்கை மடிப்பில வெடிக்கும். காய்ஞ்ச தோலுக்கு முகப் பவுடர் போடாட்டி தன்னோட தானே ஒட்டிக்கொள்ளும். எண்ணெய், வசலின் கிட்டவும் கொண்டுபோகாத, ரப்பரைத் தின்னிரும்.

கொட்சிலாக்குச் செய்த முதல் உடுப்பு நூறு கிலோவுக்குக் கிட்ட. ஆள் நடக்கவே ஏலாமல், அதை ரெண்டா வெட்டிக் காலை மட்டும் காட்டுற காட்சிகளுக்குப் பாவிச்சினம். நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ: ஒரு கை, ஒரு கால், முதுகு. முழு உடுப்பு தேவையே இல்ல. 1957ல 'த ஜயன்ட் குளோ'வில பூதப் பறவையை முழுசா வெளிச்சத்தில காட்டினதாலதான் படம் கெட்டது.

தண்ணியைக் கவனி. துளியைச் சிறிசாக்க ஏலாது. காலடியில பெருந்துளி தெறிச்சால் அளவு பிடிபட்டிரும். அதால காத்தில்லாத விடியல் நேரம், கண்டல் ஓரம், கமரா தண்ணியோட ஒட்டி, மெதுவா எழும்புற ஒரே ஷொட். ஸ்பொஞ் தண்ணி குடிச்சுப் பாரமாகும், இடுப்பளவுக்கு மேல ஆளை இறக்காத, பக்கத்தில ஒருத்தன் நிக்கட்டும். வாவியில உண்மையான முதலை இருக்கிறதை நான் சொல்லத் தேவையில்ல.

குரல்? படத்துக்கு இசை போட்ட அகிரா இபுகுபே, பிசின் தடவின தோல் கையுறையால கொன்ட்ரபாஸ் எண்ட பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின்ர தந்தியை இழுத்துத்தான் கொட்சிலாவை உறும வைச்சவர். உங்களுக்கு உடுக்கு போதும். ஈரவிரலைத் தோலில அழுத்தி இழுத்தால் முனகும். பதிஞ்சு அரை வேகத்தில ஓட்டு, ஒரு ஸ்தாயி இறங்கும். பாடும் மீனைத் தேடிக் கல்லடிப் பாலத்துக்கு அலைய வேணாம், அது உறுமாது.

முதல் நாள் எடுத்த கால் காட்சியை மட்டும் அனுப்பு, பாத்துச் சொல்லுறன்.

அன்புடன்,
உன் மச்சான்