கூரைத் தண்ணீரை வீணாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் நான் படிக்கும் கல்லூரியில் கோடையென்றால் பவுசர் வந்தால்தான் தண்ணீர். ஆவணியில் விடுதிக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். வாளிகளோடு வரிசையில் நிற்போம். அதே கூரைகளில் விழும் ஐப்பசி, கார்த்திகை மழையோ வாய்க்காலில் ஓடிப் போகிறது. 500 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 50,000 லீற்றர் நீர்! பீலியும் தாங்கியும் பூட்ட ஏன் இத்தனை தயக்கம்?

இன்னொன்று, சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற். 2017 இலேயே தடைசெய்யப்பட்டது. எங்கள் கன்டீனுக்குப் பின்னால் இன்றும் எரிகிறது. அந்தப் புகை விரிவுரை மண்டபத்துக்குள் வருகிறது. வாழையிலைக்கா இங்கே பஞ்சம்?

கட்டடத்துக்காகப் பாலை மரங்கள் தறித்த இடத்தில் இந்த மாரிக்காவது பாலையும் மருதும் நடுங்கள். குழி வெட்ட நாங்கள் வருகிறோம்.

மாணவி ஒருவர்,
கிளிநொச்சி.