மிச்சம் வைக்கும் வழக்கத்தை அரசன் கையில் கொடுக்காதீர்கள்

என்னோடு சேர்ந்து ஏழூற்றுத்துறைக் கதையை எழுதிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் பாகத்தை வாசித்தேன். நம் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்து நாம் கற்பனை செய்த அந்த ஏழு ஊற்றுகள் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் மிச்சம் வைக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது என்று நீங்கள் மாற்றி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அரசன் சட்டம் போட்டானாம், மீறியவனுக்குச் சவுக்கடியாம்.

அந்த வழக்கம் என்ன? விருந்தாளி விடைபெறும்போது, தன்னிடம் சோடியாக இருப்பதில் ஒன்றை அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒரு தோடு, ஒரு மெட்டி. ஒன்றுமில்லாதவர் சால்வையின் ஓரத்தைக் கிழித்து வைப்பார். வீட்டுக்காரர் அதைத் துடைத்து வைக்கலாம், பாவிக்கக் கூடாது. வாசல்வரை வந்து "இந்தாங்கோ, மறந்திட்டீங்கள்" என்று திருப்பிக் கொடுத்தால், இனி இந்தப் பக்கம் வராதே என்று பொருள். அதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் இல்லை.

இது சவுக்குக்குப் பயந்து வருகிற பழக்கமா? நாம் "போறன்" என்று சொல்லாமல் "போயிட்டு வாறன்" என்கிறோமே, அதற்கு யார் சட்டம் போட்டது?

நான் முதலில் எழுதியது வேறு. எதிரிக் கப்பல்கள் நுழைந்த இரவில் மலையடிச் சனம் சோடி விளக்கில் ஒன்றைப் புதைத்துவிட்டு மற்றதோடு காட்டுக்குள் ஓடியது. திரும்பி வந்தவர்கள் கையிலிருந்த விளக்கைக் காட்டித்தான் தங்கள் வளவை மீட்டார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததை நினைத்துத்தான் அப்படி எழுதினேன். மண்ணுக்குள் ஒளிந்திருந்த அந்தக் கோயிலின் வெண்கலத் திருமேனிகள் 1950இல் நம் ஊரில் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. புதைத்தவர்கள் யாரும் வரவில்லை. ஆனால் வருவோம் என்றுதானே புதைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இல் படகேறி இந்தியாவுக்குப் போன என் அம்மம்மா, அம்மியைக் கிணற்றடியில் விட்டுவிட்டுக் குழவியை மட்டும் உடுப்புப் பையில் கொண்டுபோனார். பாரம் என்று எல்லோரும் ஏசினார்களாம். ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அம்மி மட்டும் கிடந்தது. அன்றைக்கே மிளகாய் அரைத்தார். சோடியில் ஒன்று என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

சவுக்கை எடுத்துவிட்டு விளக்கைத் திரும்ப வையுங்கள். ஏழாம் அத்தியாயத்தில் கிழவி அந்த ஒற்றைத் தோட்டை மகளிடம் கொடுத்து, யாருடையது என்று சொல்லும் இடத்தை வெள்ளிக்கிழமைக்குள் நானே திருத்தித் தருகிறேன்.