மூடியைத் திரும்பப் போடாதே

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். ஊசி போட்டு முடித்ததும் மூடியைத் திரும்பப் பொருத்தித்தான் டிரேயில் வைப்பதாகவும், அப்படிச் செய்தால் யாருக்கும் குத்தாது என்றும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறாய் என்று தெரிந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 26 ஆண்டுகள் இதே நர்ஸ் வேலையைப் பார்த்தவள் என்பதால், போனில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

வலது கையில் சிரிஞ்சும் இடது கையில் மூடியுமாக இரண்டையும் நீ சேர்க்கும்போதுதான், எதிரே நோயாளியோ டாக்டரோ உன்னைக் கூப்பிட, கண் ஒரு கணம் விலகி, ஊசி இடது கை விரலில் ஏறுகிறது. பயன்படுத்திய ஊசியை மூடவும் கூடாது, வளைக்கவும் கூடாது. கட்டிலருகிலேயே ஊசி வெட்டும் கருவியில் வெட்டி, குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில் விழச் செய்துவிட வேண்டும். டப்பா வார்டின் மறுகோடியில் இருந்தால் அதை டிராலியில் உன்னோடு எடுத்துச் செல். முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றச் சொல். இன்னும் இரண்டு ஊசிக்கு இடமிருக்கிறது என்று அழுத்தாதே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிறம் பிரித்த கவர்கள் கிடையாது; மருத்துவக் கழிவுக்கென்று நம் நாட்டில் தனி விதிகள் வந்ததே 1998-இல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு இரவுப் பணியில், அவசரத்தில் ஓர் ஊசியைப் பஞ்சோடு பஞ்சாகக் குப்பை வாளியில் போட்டுவிட்டேன். விடியற்காலையில் ஆயாம்மா வந்து, கவரின் வாயைக் கட்டுவதற்காகக் குப்பையைக் கையால் அமுக்கினார். "சுருக்குன்னுச்சு சிஸ்டர்" என்று சொல்லி, விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, அடுத்த வாளிக்குப் போய்விட்டார். நானும் போகவிட்டேன். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று எழுதி வைக்கவில்லை, மேலதிகாரியிடம் சொல்லவுமில்லை. மூன்று மாதம் கழித்து அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, நெடுநாள் வேலைக்கு வராமல் கிடந்தார். அந்த ஊசியால்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊசியைப் போட்டவள் நான். கண்கள் மஞ்சளாக, வாயிற்படியில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்கப் போன நாளை நான் மறக்கவில்லை.

உனக்கோ உன் வார்டில் வேறு யாருக்கோ குத்திவிட்டால், பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை; தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று ஆயாம்மாக்கள் மறைப்பார்கள். அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியது நீதான்.

கழிவுக் கவர்களின் நிறங்களை நீ படித்துத் தேறியிருப்பாய். இருந்தாலும் வேலை நெருக்கடியில் கை தவறுவது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில்தான். இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் கவரில் போய் எரிக்கப்படும். டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு எல்லாம் சிவப்பில் போய், கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும். சிவப்பில் ஓர் ஊசி தவறி விழுந்தால், நீ ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவர் கையில் அது குத்தும்.

வீட்டிலும் இதே கவலைதான். அப்பா இன்சுலின் ஊசியைச் சமையலறைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் கவரைப் பிரித்து, மக்கும் குப்பையைத் தனியே எடுப்பதைப் பார்த்த அன்றே நிறுத்தச் சொன்னேன். இப்போது கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, அவரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்கிறோம்.

கடைசியாக, உன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. மூன்றாவது தவணை ஆறாவது மாதத்தில் வரவேண்டியது. புது வேலை, இடமாற்றம் என்று தள்ளிப்போட்டிருக்கிறாய். இந்த வாரமே போட்டுக்கொள். அதிலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பரிசோதித்துப் பார், 10 mIU/mL-க்குக் குறையக்கூடாது. முடிவு வந்ததும் 'நார்மல்' என்று மட்டும் சொல்லாதே, எண்ணைச் சொல்.

அன்புடன்,
அம்மா