குருவிச்சைக்கு ஒரு மன்னிப்பு

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பின் குருவிச்சை,

இங்கு நலம். நீயும் வீட்டாரும் நலம்தானே? ஒன்பது மாதமாகக் கடிதம் இல்லை என்று ஏசுவாய், ஏசிவிடு. காலபோக நெல்லில் பாதியை மழை கொண்டுபோனது, மீதியை யானை பார்த்துக்கொண்டது. மகளுக்குப் பேசின சம்பந்தம் சரிவரவில்லை. செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விசயத்துக்கு. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

1988. தவக்களை மாஸ்டர் கரும்பலகையில் வைரசு கீறிக்கொண்டிருக்கிறார். நீ எழும்பி, "சேர், வைரசுக்குக் காய்ச்சல் வராதா?" என்றாய். பாடம் முடியும்வரை உன்னை வாங்கின் மேல் நிற்க வைத்தார். அன்றைக்குப் பெரிதாகச் சிரித்தவன் நான்தான்.

போன மாதம் என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டாள். வைரசே ஒட்டுண்ணி, அதில் போய் ஒட்ட என்ன இருக்கிறது என்று தவக்களையின் பதிலையே திருப்பிச் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. அது உறுத்த, இரவு தேடிப் படித்தேன். வருமடா, மச்சான்! காய்ச்சலுக்கும் மேலே வரும்.

1992இல் இங்கிலாந்தின் பிராட்போர்டில், ஒரு குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணீரில் வாழ்ந்த அமீபாவுக்குள் ஏதோ ஒன்றைக் கண்டு, பற்றீரியா என்று எடுத்து வைத்திருந்தார்கள். அது வைரசு என்று பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் சொன்னது 2003இல்தான். நம் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி போன்ற ஒன்றிலேயே புள்ளியாகத் தெரியக்கூடிய பருமன். பற்றீரியா வேடம் கட்டியதால், 'மிமிக்' (போலச் செய்தல்) என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து மிமிவைரசு என்று பெயர். பிறகு பாரிஸில் ஒரு கோபுரத்துத் தண்ணீரில் அதன் இனத்தான் ஒன்று அகப்பட்டது, மாமாவைரசு. (சிரிக்காதே, உன் மாமாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அதனோடு கூடவே ஒரு குட்டி: 50 நானோமீற்றர், 21 பரம்பரை அலகு (ஜீன்). ஸ்புட்னிக் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்ய மொழியில் கூடப் பயணிப்பவன். என் சைக்கிள் பாரில் ஐந்து வருடம் ஒரு மிதி மிதிக்காமல் வந்த உன்னைத்தான் நினைத்தேன்.

அமீபாவுக்குள் தனியாகப் போனால் அந்தக் குட்டியால் பெருக முடியாது. பெரியவன் உள்ளே புகுந்து தன் பிரதிகளைச் செய்ய ஆலை போடுவான் அல்லவா, அந்த ஆலைக்குள் நுழைந்து தன்னைச் செய்துகொள்கிறது. பெரியவனின் பிள்ளைகள் கோணலும் மாணலுமாகப் பிறக்கின்றன. தொற்றக்கூடியவை 70 சதவீதம் குறைகின்றன. அமீபாக்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன. மாமரத்தில் குருவிச்சை, அந்தக் குருவிச்சையில் இன்னொரு குருவிச்சை, மாமரத்துக்குக் கொஞ்சம் மூச்சு. இது வைரசின் ஒட்டுண்ணி அல்ல, இன்னொரு வைரசின் துணையோடு மட்டும் பெருகும், ஏற்கெனவே தெரிந்த துணை வைரசு வகைதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பிள்ளை கோணலாகப் பிறப்பது நோய் இல்லையென்றால் வேறெதை நோய் என்பது?

இது வெளிவந்த வருடம் 2008. நாங்கள் போருக்குத் தப்பி, கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். உன் கேள்விக்குப் பதில் வந்த வருடத்தில் இங்கே ஒருவரிடமும் பத்திரிகைகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் கஃபெற்றீரியா என்று ஒற்றைக் கல உயிர் ஒன்று. (பெயரைப் பார், தேத்தண்ணிக் கடை!) அதைக் கொல்லும் இராட்சத வைரசுக்கும் ஒரு குட்டி உண்டு, மாவைரசு. அது கலத்தின் மரபுத்தொகுதிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். இராட்சதன் உள்ளே வந்ததும் விழித்துப் பெருகும். அந்தக் கலம் தப்பாது. செத்து வெடிக்கும்போது மாவைரசுகளும் சேர்ந்து வெளியே பரவும். பக்கத்துக் கலங்களில் அவை இராட்சதனை அடக்க, கூட்டம் பிழைக்கிறது. 2016இல் இதைக் காட்டியவர்கள் பரோபகாரம் என்றே எழுதியிருக்கிறார்கள். கலத்துக்கு என்ன மனம், என்ன உபகாரம்? அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிணற்றடிவரை போய் வந்தேன். யாரை நினைத்தேன் என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் வகுப்பில் நான் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டேன். பிள்ளை நன்றி சொல்வாள் என்று பார்த்தால், "இரணைமடுக் குளத்துத் தண்ணியிலும் இருக்குமோ, சேர்?" என்கிறாள். அமீபா இருக்கும் தண்ணீர்தானே, தேடிப் பார்க்கலாம் என்றேன். போத்தலில் அள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். நம் நுணுக்குக்காட்டியின் வில்லையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அமீபாவைக் கண்டாலே பெரிய காரியம்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நீ, அதற்காக வாங்கில் நின்றவனும் நீ என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன்னோடு கதைக்க வேண்டுமாம். ஞாயிறு பின்னேரம் கோல் எடு. சிரித்தவன் யார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
கட்டையன்